கூட யாரு வந்திருக்கா?

மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் கிளம்பும்போது இன்னும் சரியாக விடியவில்லை. ரிங் ரோட்டைத் தாண்டி தூத்துக்குடி நாற்கரச் சாலையில் ஏறியதும் ஜன்னல் வழியே வந்த காற்றில் மண் வாசம் இல்லை. புழுதி வாசம்தான் இருந்தது. புரட்டாசி பாதி கடந்துவிட்டது. காரியாபட்டிக்குத் தெற்கே செவலும் கரிசலும் மாறி மாறி வருகின்றன. உழுது போட்ட கரிசல் கட்டி கட்டியாக மழைக்குக் காத்துக் கிடந்தது. ஒரு நல்ல மழை விழுந்தால் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசி என்று விதைப்பு தொடங்கிவிடும். அதுவரை கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் சீமைக்கருவேலம்தான். அங்கங்கே கரிமூட்டம் போட்டிருந்தார்கள். வெட்டிய விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, சின்னச் சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகளில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது.

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறாள் என் தங்கை. சித்தி மகள். கரிமூட்ட வேலைக்குத்தான் போகிறாள். புருஷன் திருப்பூரில். மகனுக்கு வயது பதினைந்து, பத்தாவது படிக்கிறான். ஆடி மாதம் அவனை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் இருந்தான். சர்க்கரை நோய்; முதல் வகை. கணையம் இன்சுலினைச் சுரக்காமல் நிறுத்திவிடுவதால் வருவது. ஊசி இல்லாமல் உயிர் தரிக்க முடியாது.

"ரெண்டு மாசமாவே தண்ணி தண்ணின்னு குடிச்சான் அண்ணே. இந்த வெயில்ல எல்லாப் பயலுந்தான குடிக்கிறான்னு இருந்துட்டேன்" என்று அப்போது போனில் அழுதாள். வறண்ட சீமையில் இந்த நோய்க்கு இப்படியொரு மறைவிடம் இருக்கிறது. தீராத தாகமும், அடிக்கடி சிறுநீர் போவதும், தின்றும் இளைப்பதும்தான் இதன் முதல் அடையாளங்கள். தாகத்தை ஒரு நோய்க்குறியாக நினைக்க இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? வாந்தியும் வயிற்றுவலியும் மேல்மூச்சும் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

அந்தப் பத்து நாளில் இரண்டு இரவு நான் அவனுக்குத் துணைக்கு இருந்தேன். அது எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை. நான் சொல்லப்போகிற குறை ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரியதில்லை. பன்னிரண்டு வயது முடிந்துவிட்டால் குழந்தைகள் வார்டில் இடம் கிடையாது என்பது நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் உள்ள வழக்கம். மீசை அரும்பாத பையனாக இருந்தாலும் ஆண்கள் பொது வார்டுதான். என் மருமகனுக்கு இடப்பக்கம் பக்கவாதத்தில் படுத்த ஒரு பெரியவர். வலப்பக்கம் குடியால் ஈரல் கெட்டுப்போன ஒருவர், நாற்பது வயதுகூட இருக்காது. இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி வாக்கில் அவர் இறந்துபோனார். திரை இழுத்து மறைத்தார்கள். திரைக்குக் கீழே அவர் மனைவியின் கால்கள் தெரிந்தன. பையன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "மாமா, அவருக்கும் சுகரா?" என்று கேட்டான். இல்லைப்பா என்றேன். அவன் நம்பவில்லை. அதற்குமேல் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயது மாமன் சொல்கிற ஆறுதல் பதினைந்து வயதுக்காரன் காதில் ஏறாது. அதை அந்த ராத்திரியில்தான் உணர்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பையன் வந்தான். பையன் என்கிறேன், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. நர்சம்மாவிடம் ஏதோ கேட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்து, "தம்பி, நீ எந்த ஊரு? கபடி ஆடுவியா கிரிக்கெட்டா?" என்று ஆரம்பித்தான். நான் டீ குடிக்க வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மருமகன் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்துக்கொண்டிருந்தான். அந்த வார்டில் அவன் கை அசைந்து அப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த இளைஞரைப் பார்த்துவிட்டு, பிறகு மருமகனைப் பார்க்க வேண்டும். இந்தப் பயணம் அதற்குத்தான்.

*

அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆனது என்று ஊரில் சொல்வார்கள். மல்லிகை அரும்பை வைத்துச் சொல்வது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பறித்த மல்லி ஈரத்துணியில் மூட்டையாக இறங்குவதை இப்போதும் காலையில் பார்க்கலாம். ஆனால் ஊருக்குள் நுழைந்தால் வாசனையைவிடச் சத்தம்தான் முந்தும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கைத்தறிக் குழி இருந்த தெருக்களில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. தடதடவென்று ஒரே தாளம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் கத்திப் பேசுவதில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

அந்த இளைஞரின் வீட்டில் இரண்டு தறி. ஒன்றை அப்பாவும் மற்றதை இவரும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் போனபோது தறியை நிறுத்திவிட்டு, அறுந்த பாவு இழை ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு முனையையும் எச்சில் தொட்ட விரலால் திருகி ஒட்டிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றேன். "அது லூசாத் தொங்கும்ணே. மத்ததெல்லாம் விறைப்பா நிக்கும்ல" என்றார்.

அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை எதுவும் இல்லை. சம்பளமும் இல்லை. உள்ளூர்க் கல்லூரியில் படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய அந்தத் திட்டம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மரம் நடுவதையும் கோயில் தெப்பக்குளம் தூர்வாருவதையும் கற்றுக்கொடுத்தது. இவருக்கு ரத்தம் கொடுக்கக் கற்றுக்கொடுத்தது. பைக் விபத்தில் சிக்கிய பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு ரத்தம் வேண்டும் என்று வந்த அழைப்பில் போயிருக்கிறார். கொடுத்துவிட்டு வந்தவருக்கு மூன்று நாள் கழித்து, அந்தப் பையன் பிழைத்தானா என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது.

"பிழைச்சுட்டான்ணே. ஆனா ஒரு காலு முட்டிக்குக் கீழ இல்ல. செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவங்கம்மா அழுதுகிட்டே இருந்தாங்க. டாக்டர் வந்தாரு, நல்ல மனுசன். எல்லாம் விளக்கமாச் சொன்னாரு, அம்மாகிட்ட. நர்சு அம்மாகிட்ட பேசுனாங்க. இன்சூரன்ஸ் கவுண்டர்ல இருந்து வந்தவங்களும் அம்மாகிட்டதான் பேசுனாங்க. கால் போனவன் அவன். அவன்கிட்ட யாருமே பேசல."

இதைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. எனக்கு மட்டும் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டில் நினைவுக்கு வந்தது. பதினாலு வயதில் தொடை எலும்பு முறிந்து ஆறு வாரம் இழுவைக் கட்டில் கிடந்தேன். என் தலைக்கு மேலேயே என் காலைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணைக்கு வந்திருந்த அவர் மகன், கல்லூரி மாணவர், ஒருநாள் சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ் இரண்டைக் கொண்டுவந்து என் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்த டாக்டரின் முகமும் இப்போது நினைவில் இல்லை. அந்த அண்ணனின் கோடு போட்ட சட்டை நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "கூட யாரு வந்திருக்கா?" நம் மருத்துவமனைகளின் முதல் கேள்வி அதுதான். மருந்து வாங்கி வர, டெஸ்ட்டுக்கு ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க, கஞ்சி வாங்க, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். இதை நாம் ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் மேலை நாடுகளில் ஒரு காலத்தில் தாய்கூடப் பிள்ளையோடு தங்க முடியாது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் பார்வையாளர் நேரம் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆஸ்பத்திரியில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை எப்படி நாளுக்கு நாள் ஒடுங்கிப்போகிறது என்பதைப் படமாகவே எடுத்துக் காட்டினார். 1959-இல் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் நலம் பற்றிய பிளாட் குழு அறிக்கை வந்த பிறகுதான் பிரிட்டனில் மெல்ல மெல்லக் கதவு திறந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகர மருத்துவமனையில் 1955-இல் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை, நோயுற்ற குழந்தைகளோடு விளையாடவும் பேசவும் சிகிச்சையை அவர்களுக்குப் புரியும்படி சொல்லவும் தனியாக ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்று அது அங்கே படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற தொழில். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 2006 முதல் ரெட்திரெட் என்ற அமைப்பின் இளையோர் பணியாளர்கள், கத்திக்குத்துப் பட்டு அவசர சிகிச்சைக்கு வரும் பையன்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். காயத்தோடு படுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவன் மனம் திறக்கும், வீட்டுக்குப் போய்விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டறிந்தது.

நமக்குத் தாயை வார்டுக்குள் விடச்சொல்லிப் போராட வேண்டியிருக்கவில்லை. தாயும் பாட்டியும் சித்தப்பாவும் கட்டிலைச் சுற்றி இருக்கிறார்கள். பதினைந்து வயதுக்காரனின் சிக்கலே அங்கேதான். அவனுக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் முன்னால் அவனால் பயப்பட முடியாது. "எனக்குக் கல்யாணம் ஆகுமா? போலீஸ் வேலைக்கு எடுப்பாங்களா? செத்துப்போவனா?" என்று கேட்க முடியாது. கேட்டால் அம்மா அழுவாள்.

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. மில்லில் நின்று நின்று ரத்தசோகையில் மயங்கி விழுந்து வருகிறவர்கள், மாதவிலக்கு நிற்காமல் வருகிறவர்கள். பெண்கள் வார்டுக்கு இந்த இளைஞர் போவதில்லை. இவரோடு படித்த இரண்டு பெண்கள் அங்கே போகிறார்கள். அவர்களில் ஒருவர் போனில் பேசினார். "அம்மா பக்கத்துலயே இருந்தா அந்தப் புள்ள வாயே திறக்காது சார். அம்மாவ, 'நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்'னு அனுப்பிச்சுருவோம். அவங்க போயிட்டு வர்ற அந்தப் பத்து நிமிசந்தான் எங்க வேலையே."

இவர்களுக்கு இருபது கட்டளைகள் இல்லை, நாலைந்து கட்டுப்பாடுதான். ஆஸ்பத்திரியில் உள்ள ஆலோசகர் ஒருவர் சில நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். திரையை மூடிக்கொண்டு பேசக்கூடாது. ஊசியையோ மருந்தையோ தொடக்கூடாது. குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. பணம் கொடுப்பதோ வாங்குவதோ கூடாது. நர்சுக்குத் தெரியாமல் வார்டில் நுழையக்கூடாது. நோயுற்ற சிறுவர் அருகே முன்பின் அறியாத ஆளை விடுவது சாதாரண விஷயமில்லை. அதனால் இந்தக் கட்டுப்பாடுகளை அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றை மட்டும் தானாகச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார்: "ரகசியம்ணே, யாருட்டயும் சொல்லாதீங்கன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா, முதல்லயே நிறுத்திருவேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா நான் நர்சக்காகிட்ட சொல்லிருவேன், மத்தது எதுவும் வெளிய போகாதுன்னு சொல்லிட்டுத்தான் கேப்பேன். நம்பவெச்சுட்டு அப்புறம் சொல்றது தப்புல்ல?"

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை மையம் கேரளத்தில் பெரிய இயக்கமாகப் பரவியபோது கல்லூரி மாணவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பற்றி அவரிடம் சொன்னேன். தறியை மறுபடி ஓட விடப்போனவர் கையை எடுத்துவிட்டு, "அங்க அந்தப் பிள்ளைகளுக்குன்னு ஒரு பேரு இருக்குல்லண்ணே. நாங்க யாருன்னு கேட்டா 'சும்மா பாக்க வந்தோம்'னுதான் சொல்லிக்கிறோம்" என்றார்.

பெயர் இல்லை என்பது சின்ன விஷயமல்ல. அரசாங்கத்தில் இந்த வயதுக்காரர்களை யாரும் மறந்துவிடவில்லை. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையிலான 25 கோடிப் பேரைக் கணக்கில் கொண்டது. வளரிளம் பருவத்தினருக்கென்று ஆலோசனை மையங்களும் உண்டு. அதற்கு ஒரு வருடம் முன்பே, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வந்து பரிசோதிக்கும் திட்டமும் வந்துவிட்டது. டாக்டரும் நர்சும் ஏறிய வேன் நம் கிராமப் பள்ளிகளுக்கு வந்துபோகிறது. எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, அங்கே ஆலோசகர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. இத்தனையும் பள்ளியில், மையத்தில், வீட்டில். கட்டிலில் படுத்துக்கிடக்கும் பதினைந்து வயதுக்காரன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஒரு பதவி இல்லை. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இரண்டு இளையோர் பணியாளர்கள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தொண்டாக அல்ல, சம்பளத்தோடு. தறி ஓட்டி முடித்த களைப்போடு பஸ் ஏறுகிற ஒருவரின் நல்ல மனதை நம்பி இதை விட்டுவைக்கக்கூடாது.

*

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு அரைமணி நேரம். மானாமதுரை ரயில் பாதையும் கூடவே கிழக்கே போகிறது. பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் கமுதி பஸ் நின்றது. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2018 டிசம்பர் நினைவுக்கு வந்துவிடுகிறது.

சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி அந்த மாதம் நாட்டையே உலுக்கியது. ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து போயிருந்தது. கொடுத்தவர் கமுதிப் பக்கத்துப் பத்தொன்பது வயது இளைஞர். உறவினருக்காக நல்ல எண்ணத்தில் கொடுத்த ரத்தம். இரண்டு வருடம் முன்பு, 2016-இல் ஒரு முகாமில் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று இருப்பது தெரிந்திருக்கிறது. அவரிடம் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவச் சோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவரே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்தச் சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டிசம்பர் 30 அன்று இறந்துபோனார்.

பரிசோதனை, பதிவேடு, பொறுப்பு என்று அப்போது எத்தனையோ பேசினோம், எழுதினோம். அவையெல்லாம் பேச வேண்டியவைதான். அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்டது சொல்லில் அடங்காத கொடுமை. ஆனால் எனக்கு அந்தப் பத்தொன்பது வயது மனதை விட்டு அகலவே இல்லை. 2016-இல் யாராவது ஒருவர் அவரைத் தேடிப் போய் உட்காரவைத்து, "தம்பி, இது சாவு இல்ல. கூட்டு மருந்து இருக்கு. தினமும் மாத்திரை எடுத்தா எல்லாரையும் போல வாழலாம், கல்யாணம் பண்ணலாம், வேலைக்குப் போகலாம்" என்று சொல்லியிருந்தால் இரண்டு உயிர்களின் கதை வேறாகியிருக்கும். அத்தனையும் மருத்துவ உண்மை. சொல்ல ஓர் ஆள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இப்போது 104-க்கும் 14416-க்கும் அழைத்தால் இரவு பகலாகப் பேச ஆள் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்கள் தேவைப்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சுழியில் இறங்கிக் கோயிலுக்குப் போனேன். சுந்தரர் பாடிய பாண்டிநாட்டுத் தலம். சுவாமி திருமேனிநாதர். அம்மன் பெயர் துணைமாலையம்மை. எத்தனையோ முறை வந்திருக்கிறேன், அந்தப் பெயரில் இருக்கும் துணை இந்த முறைதான் காதில் விழுந்தது. சன்னதிக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைப் பாதத்தில் வைத்து எடுத்துத் தரச்சொல்லி ஓர் அம்மா அர்ச்சகரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் சுந்தர மந்திரம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு. ரமணரை நாம் தாடி நரைத்த முதியவராகவே படத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். இந்த வீட்டில் நிற்கும்போது எனக்குத் தோன்றுவதெல்லாம் வேங்கடராமன் என்ற பையன்தான். பன்னிரண்டு வயதில் அப்பாவை இழந்தவன். 1896 ஜூலையில், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டில் தனியாக இருக்கும்போது திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்து ஆளையே கவ்வுகிறது. யாரையும் கூப்பிடவில்லை. ஆறு வாரம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பாதாள லிங்கக் குகையில் பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகி ரத்தமும் சீழுமாக இருந்தபோதும் அவனுக்கு உடம்பு நினைவு இல்லை. வெளியே தெருப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அப்போது அவனைக் கண்டு காவல் நின்றவர் சேஷாத்ரி சுவாமிகள். அடுத்த வருடம் பழனிசாமி வந்து சேர்ந்தார். சோறு வாங்கி வந்து ஊட்டினார், உடம்பைப் பார்த்துக்கொண்டார், போகுமிடமெல்லாம் கூடவே போனார். அந்த ஞானத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பழனிசாமியைப் பற்றிப் பேசலாம். அவர் அந்தப் பையனிடம் ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தார்.

*

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஓட்டு வீடு. ஃபிரிட்ஜ் கிடையாது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகத்தான் தருகிறார்கள். ஆனால் அதை வைத்துக்காப்பது எப்படி? திறந்த குப்பி இருபத்தைந்து, முப்பது டிகிரிக்குள் இருந்தால் நாலு வாரம்போலத் தாங்கும். இந்த ஊர் வெயிலில் அலமாரியில் வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். பார்வைக்குக் குப்பி அப்படியேதான் இருக்கும்.

அடுப்படி மூலையில், ஜன்னல் காற்று படுகிற இடத்தில் மருமகன் காட்டினான். ஒரு பெரிய மண்பானை. அதற்குள் ஒரு சின்னப் பானை. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு மணல். மணல் ஈரமாக இருந்தது. மேலே நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கு. சின்னப் பானைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் பாலிதீன் உறையில் இரண்டு குப்பிகள். கையை உள்ளே விட்டேன். வெளியே கொதிக்கிற மூன்று மணிக்கு அந்தப் பானைக்குள் மார்கழி விடியல் போலிருந்தது.

"அந்த அண்ணன்தான் மாமா சொல்லிக்குடுத்தாரு. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் சொன்னாரு. காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. மணல் மட்டும் காயவே கூடாது."

தங்கை சொன்னாள், குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கிய வாரத்தில்கூடப் பானைக்கு ஊற்றுவது நிற்கவில்லையாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறான். தேதி, நேரம், சுகர், எத்தனை யூனிட் என்று நாலு கட்டம். ஊசி போட்ட இடத்துக்கு ஒரு கட்டம்: வ.தொடை, இ.தொடை, வயிறு. ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துவிடும் என்பதற்காக. சிவப்பு மூடி போட்ட ஊசியை எடுத்து, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, கோட்டுக்கு நேரே கண்ணை வைத்து மருந்து இழுத்து, காற்றுக்குமிழியை விரலால் சுண்டி வெளியேற்றினான். நோட்டின் பின்னட்டையில் ஒரு பெயர் எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்: லியோனார்ட் தாம்சன்.

"யாருடா இது?"

"உலகத்துலயே முதல் முதல்ல இன்சுலின் போட்டுக்கிட்டவன் மாமா. கனடா. பதினாலு வயசு. என்னைவிட ஒரு வயசு கம்மி."

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனை. எலும்பும் தோலுமாக, முப்பது கிலோகூட இல்லாமல் கிடந்தான் அந்தப் பையன். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தம் செய்து பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி போட்டார்கள். எழுந்துவிட்டான். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் உயிரோடு இருந்தான். இதை எனக்கு என் மருமகன் சொன்னான். வார்டில் அந்த ராத்திரி நான் சொல்லத் தெரியாமல் திணறியதை, அந்தத் தறிக்கார இளைஞர் ஒரு பதினாலு வயதுப் பையனைக் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துச் சொல்லிவிட்டார்.

பள்ளியில் பி.டி. சாரிடமும் அவரே வந்து பேசியிருக்கிறார். சுகர் இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது இவன் பாக்கெட்டிலிருந்து குளுக்கோஸோ கடலைமிட்டாயோ எடுத்துத் தின்பான், வகுப்பில் தின்கிறான் என்று அடித்துவிடாதீர்கள் என்று. இப்போது சாரின் மேசை டிராயரிலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறதாம். கபடிக் குழுவில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

வெயில் தாழ்ந்ததும் செம்பில் தண்ணீர் எடுத்து, பானையைச் சுற்றி மெல்ல ஊற்றினான். மணல் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்போது தங்கையின் போன் அடித்தது. அந்த அண்ணன்தான். வார்டிலிருந்து பேசுகிறார். புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறானாம், எட்டாவது படிக்கிறவன், இதே சுகர், இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. போனை அவன் கையில் கொடுக்கிறேன், பேசுகிறாயா என்று கேட்டிருக்கிறார்.

மருமகன் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாசல் திண்ணைக்குப் போனான். வெகுநேரம் அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை போலிருக்கிறது, இவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். எந்த ஊர், கிரிக்கெட்டா கபடியா, அங்கே இட்லி இன்னும் கல்லு மாதிரித்தான் இருக்கிறதா. பிறகு இவன் பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கினான். தலையை ஆட்டினான். குனிந்து கால் பெருவிரலால் தரையைக் கீறினான்.

"ம்ம்... எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு... ம்ம்... உங்க வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கா?... இல்லையா? பரவால்ல. ரெண்டு பானை வாங்கச் சொல்லு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. சிறுசு உள்ள போகணும், நாலு விரல் இடம் இருக்கணும். மணல் ஆத்து மணலா இருக்கட்டும். செம்மண் போட்ராத."